மனிதன் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடியுமா? 1,600 ஆண்டுகளுக்கு முன் 'முடியாது' என்ற அகஸ்டின் யார்?

2025 மே மாதம் போப்பாகத் தேர்வான 14-ம் லியோ, வாடிகன் மாடத்தில் நின்று பேசிய முதல் உரையிலேயே தன்னை அகஸ்டினின் மகன் என்று அறிமுகம் செய்துகொண்டார். அவர் அகஸ்டின் சபைத் துறவி. 500 ஆண்டுகளுக்கு முன் கத்தோலிக்கத் திருச்சபையை உலுக்கியெடுத்த மார்ட்டின் லூத்தரும் அதே சபையில் துறவியாக இருந்தவர்தான். எதிரெதிராக நின்ற இரண்டு தரப்புக்கும் பொதுவான ஆசான் ஒருவர் உண்டென்றால், அது இந்த அகஸ்டின்.

நம் ஊரில் அகஸ்டின், மோனிகா என்ற பெயர்கள் சகஜம். அவை ஒரு மகன், அவருடைய அம்மாவின் பெயர்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித அகுஸ்தினார் என்பார்கள். ஆனால் அவர் என்னதான் சொன்னார் என்று கேட்டால், இளமையில் ஜாலியாக இருந்துவிட்டுப் பிறகு திருந்தியவர் என்பதோடு பலருக்குக் கதை முடிந்துவிடும்.

உண்மையில் கதை அங்கே முடியவில்லை. மனிதன் உள்ளுக்குள் உடைந்திருக்கிறான். அந்த உடைசலை அவனால் சரிசெய்ய முடியாது. கடவுள் வைத்தியராக வந்து குணமாக்க வேண்டும். அந்தக் குணமும் ஒரே நாளில் வந்துவிடாது. மேற்கத்திய கிறிஸ்தவம் மீட்பைப் பற்றி இன்றும் பேசும் இந்த முறைக்குப் பெரும்பாலும் வடிவம் கொடுத்தவர் அகஸ்டின். நூலகத்தில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த கொள்கை இல்லை இது. சொந்த வாழ்க்கையில் அடிபட்டு வந்தது. அதே கொள்கை மற்றவர்களையும் அடித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பசிக்காமல் திருடிய பேரிக்காய்

கி.பி. 354 நவம்பர் 13-ல் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிறு ஊரில் பிறந்தார். இன்று அல்ஜீரியாவில் உள்ள சூக் அஹ்ராஸ்தான் அந்த ஊர். அப்பா பாட்ரீசியஸுக்கு கொஞ்சம் நிலமும் ஊர்ச் சபையில் ஒரு பதவியும் இருந்தன, பணம்தான் இல்லை. அம்மா மோனிகா பக்தியுள்ள கிறிஸ்தவர். மகன் படிப்பில் கெட்டி. எப்படியாவது படிக்க வைத்துப் பெரிய ஆளாக்கிவிட வேண்டும் என்பது வீட்டின் கனவு. மிடில் கிளாஸ் கனவுக்கு வயது 1,600-க்கும் மேல்!

16 வயதில் பணமில்லாமல் படிப்பு நின்றது. வீட்டில் சும்மா இருந்த அந்த வருடத்தில் நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். சின்னப் பசங்க சேட்டை என்று நாம் விட்டுவிடுவோம். 40 வயதைத் தாண்டிய பிறகும் அகஸ்டினால் விட முடியவில்லை. லாபமே இல்லாத ஒரு தப்பை, தப்பு என்பதற்காகவே ஏன் ரசித்துச் செய்தேன் என்று பக்கம் பக்கமாகக் குடைகிறார். அளவுக்கு மீறிய குற்ற உணர்ச்சி என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர் தேடியது பழத்தின் கணக்கை அல்ல, நோயின் முதல் அறிகுறியை.

பிறகு ஊர்ப் பணக்காரர் ஒருவர் உதவ, கார்த்தேஜ் நகரில் படிப்பு. அங்கே ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். சட்டப்படியான திருமணம் இல்லை. ஆனால் ஏறக்குறைய 15 ஆண்டுகள் நீடித்த உறவு. பிறந்த மகனுக்கு அதெயோதாத்துஸ் என்று பெயர், கடவுள் தந்தவன் என்று பொருள். லட்சக்கணக்கான சொற்களை எழுதிக் குவித்த அகஸ்டின், அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை.

19 வயதில் சிசரோவின் நூல் ஒன்றைப் படித்து, உண்மையைத் தேட வேண்டும் என்ற வெறி பிடித்தது. பைபிளைப் புரட்டினார், நடை பிடிக்கவில்லை. பாரசீகத்தைச் சேர்ந்த மானி என்பவரின் மதத்தில் சேர்ந்தார். உலகில் ஒளி, இருள் என இரண்டு சக்திகள் மோதுகின்றன என்பது அவர்கள் போதனை. அதில் ஒரு வசதி இருந்தது. தவறு செய்வது நான் இல்லை, எனக்குள் புகுந்த இருள். இந்த வசதியில் 9 ஆண்டுகள் இருந்தார். அவர்களுடைய பெரிய அறிஞர் ஃபாஸ்டஸை நேரில் சந்தித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆளுக்குப் பேச்சு இனித்தது, சரக்கு இல்லை.

மிலான்: நல்ல வேலை, கெட்ட தூக்கம்

383-ல் ரோமுக்குக் கப்பலேறினார். கூடவே வருவேன் என்ற அம்மாவிடம், நண்பனை வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி இரவோடு இரவாகக் கிளம்பினார். ரோமில் மாணவர்கள் ஃபீஸ் கட்டும் நேரம் பார்த்து வேறு ஆசிரியரிடம் தாவிவிடுவார்கள். அந்த எரிச்சலில் இருந்தவருக்கு 384-ல் மிலானில் அரசு சார்ந்த பேச்சுக்கலைப் பேராசிரியர் வேலை கிடைத்தது. பேரரசரின் அவை அப்போது மிலானில்தான் இருந்தது. 30 வயதில் இது உச்சபட்ச பதவி.

ஒருநாள் பேரரசரைப் புகழ்ந்து பேச உரை தயார் செய்துகொண்டே தெருவில் போகிறார். அதில் பாதி பொய் என்று பேசப்போகும் அவருக்கும் தெரியும், கேட்கப்போகிறவர்களுக்கும் தெரியும். வழியில் குடித்துவிட்டு சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரரைப் பார்த்தார். நாலு காசில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் இவ்வளவு உழைத்தும் தனக்குக் கிடைக்கவில்லையே என்று உறுத்தியது.

பின்னாலேயே மிலான் வந்து சேர்ந்த மோனிகா, பெரிய இடத்துச் சம்பந்தம் பேசினார். பெண்ணுக்குச் சட்டப்படியான வயது வர இன்னும் 2 ஆண்டுகள் பாக்கி. அந்தக் காலத்து ரோமச் சட்டப்படி அந்த வயதே 12தான். இந்த நிச்சயத்துக்காக, 15 ஆண்டுகள் கூட வாழ்ந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வேறு ஆணைத் தொடமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு, மகனை விட்டுவிட்டுப் போனார். இதயத்தில் ஒட்டியிருந்ததை அறுத்தெடுத்தது போல வலித்தது என்று அகஸ்டின் எழுதுகிறார். வலித்த அதே ஆள், காத்திருக்க முடியாமல் இடைக்காலத்துக்கு இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். இதையும் அவரே எழுதியிருக்கிறார், நியாயப்படுத்தாமல்.

இதற்கிடையே மிலான் ஆயர் அம்புரோஸின் பிரசங்கங்கள் பைபிள் மீதிருந்த இளக்காரத்தைப் போக்கியிருந்தன. புத்திக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. வாழ்க்கைதான் நகரவில்லை.

அகஸ்டினின் சிந்தனையில் இதுதான் முக்கியமான இடம். தெரிந்துவிட்டால் திருந்திவிடுவோம் என்று கிரேக்க தத்துவஞானிகள் பலர் நம்பினார்கள். தெரிந்தும் முடியவில்லையே, ஏன்? கையைத் தூக்கு என்று மனம் சொன்னால் கை உடனே தூக்குகிறது. மனம் தனக்கே கட்டளையிட்டால் மட்டும் கேட்க மறுக்கிறது. காரணத்தைச் சங்கிலியாக விளக்குகிறார். தவறான விருப்பத்துக்கு இணங்க இணங்க அது பழக்கமாகிறது. பழக்கத்தை எதிர்க்காமல் விட்டால் அது கட்டாயமாகிறது. யாரோ மாட்டிய விலங்கு இல்லை, நாமே ஒவ்வொரு கண்ணியாக அடித்துச் செய்தது. அதனால் மானி மதத்தினர் சொன்னபடி இருளின் மேல் பழியைப் போடவும் முடியாது. கற்பைத் தரும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டே, அது இப்போதே கிடைத்துவிடுமோ என்று பயந்ததையும் ஒப்புக்கொள்கிறார். இரவு ஒரு மணிக்கு ரீல்ஸ் தள்ளிக்கொண்டே நாளையிலிருந்து நிறுத்திடணும் என்று நினைப்பவர்களுக்கு இது புரியும்.

386 கோடையில் எகிப்தியத் துறவி அந்தோனியாரின் கதையை ஒரு நண்பர் வந்து சொன்னார். அகஸ்டின் தாங்க முடியாமல் தோட்டத்துக்கு ஓடினார், ஓர் அத்தி மரத்தடியில் விழுந்து அழுதார். பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்துப் படிக்கச் சொல்லிப் பாட்டுப் போல ஒரு குழந்தையின் குரல். பவுலின் ரோமர் கடிதத்தைத் திறந்தார். களியாட்டத்தையும் காமத்தையும் விட்டு கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் பகுதி கண்ணில் பட்டது. அதற்கு மேல் படிக்கத் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் இருந்தன. வேலையை ராஜினாமா செய்ய நல்ல காரணமாகவும் அது அமைந்தது. 387 ஈஸ்டர் இரவில் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். கூடவே மகனும், நண்பர் அலிப்பியஸும். அந்தத் தொட்டியின் மிச்சங்களை மிலான் பேராலயத்தின் அடியில் இன்றும் பார்க்கலாம். அதே ஆண்டு ஊர் திரும்பும் வழியில், ரோமுக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிகா இறந்தார். அகஸ்டின் ஊர் சேர்ந்த சில காலத்தில் மகனும் பதின்ம வயதிலேயே போய்விட்டான்.

திருந்தியும் குணமாகவில்லையா?

391-ல் ஹிப்போ நகரத்துக்கு ஒரு வேலையாகப் போனவரை, கோயிலில் கூடியிருந்த மக்கள் பிடித்து நிறுத்தி குருவாக்கிவிட்டார்கள். அழுதுகொண்டே ஏற்றார். சில ஆண்டுகளில் ஆயர். இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபாதான் ஹிப்போ. மீதி வாழ்நாள் முழுக்க அங்கேதான்.

397 வாக்கில் தன் புகழ்பெற்ற சுயசரிதையைத் தொடங்கினார். 'ஒப்புதல்கள்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அதே காலத்தில் எழுதிய கடிதம் ஒன்றில், மூலநோயால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை என்று நண்பரிடம் புலம்பியிருக்கிறார். மகான்களுக்கும் அதெல்லாம் வரும்.

திருந்திய கதை என்றால் ஞானஸ்நானத்தோடு சுபம் போட வேண்டும். அகஸ்டின் அப்படிச் செய்யவில்லை. பத்தாம் பகுதியில், ஆயரான பிறகும் தனக்குள் என்ன நடக்கிறது என்று ரிப்போர்ட் எழுதுகிறார். கனவில் பழைய ஆசைகள் வருகின்றன. சாப்பாட்டில் தேவை எங்கே முடிகிறது, ருசி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. பாராட்டு இன்னும் இனிக்கிறது. பாராட்டை வெறுக்கிறேன் என்று பெருமைப்படுவதே இன்னொரு பெருமையாகிவிடுகிறது!

இதை விளக்க, பின்னாளில் திரித்துவம் பற்றிய நூலில் ஓர் உவமை சொன்னார். உடம்பில் தைத்த ஈட்டியைப் பிடுங்குவது ஒரு வேலை, அந்தக் காயத்தை ஆற்றுவது இன்னொரு வேலை. காய்ச்சல் விடுவது வேறு, காய்ச்சலுக்குப் பிறகான பலவீனம் தீருவது வேறு. மன்னிப்பு ஒரு நொடியில் கிடைக்கலாம். குணமாவதற்குக் காலம் பிடிக்கும்.

பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையை அவர் இந்தக் கண்ணோடுதான் படித்தார். வழிப்பறியில் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடப்பவன் மனித இனம். தூக்கிச் சுமந்து வரும் சமாரியன் கிறிஸ்து. கொண்டுபோய் விடப்படும் சத்திரம் திருச்சபை. அதாவது, திருச்சபை நல்லவர்களின் கிளப் இல்லை, உள்நோயாளிகள் வார்டு. கிறிஸ்துவின் சிலுவைச் சாவுக்கும் அவருடைய பிரசங்கங்களில் ஒரு மருத்துவ விளக்கம் உண்டு. கசப்பு மருந்தைக் குடிக்க நோயாளி தயங்குகிறார். தனக்கு நோய் இல்லாதபோதும் வைத்தியர் முதலில் தானே குடித்துக் காட்டுகிறார். மனிதனின் மூல நோய் கர்வம். அதற்கு மருந்து, மனிதனாகும் அளவுக்குக் கடவுள் இறங்கி வந்த பணிவு.

குறுக்கே வந்த பெலாஜியஸ்

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்தவர் பெலாஜியஸ். ஒழுக்கமான துறவி, நல்ல ஆசிரியர். அகஸ்டினின் சுயசரிதையில் ஒரு வேண்டுதல் வருகிறது: கடவுள் என்ன கட்டளையிட்டாலும் சரி, அதைச் செய்யும் திறனையும் அவரே தர வேண்டும். யாரோ இதை வாசித்துக் காட்டியபோது பெலாஜியஸ் கடுப்பானதாக அகஸ்டினே பதிவு செய்திருக்கிறார்.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாம் கடவுள் தந்தால்தான் என்றால், சோம்பேறிக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? முடியாததைச் செய்யச் சொல்லிக் கடவுள் கட்டளையிடுவாரா? மனித இயல்பு நல்லது, சுதந்திரம் உண்மையானது, ஆதாம் ஒரு கெட்ட முன்மாதிரி மட்டுமே, முயன்றால் முடியும். இது பெலாஜியஸ் தரப்பு. இன்றைய மோட்டிவேஷன் வீடியோக்களில் பாதி அறியாமலே அவர் கட்சிதான்.

அகஸ்டினின் பதிலை இப்படிச் சுருக்கலாம். ஒருவர் தன் காலைத் தானே உடைத்துக்கொள்ள முடியும். உடைந்த காலை வெறும் மன உறுதியால் ஒட்டவைக்க முடியாது. நட என்று அவரிடம் எவ்வளவு அழகாகப் போதித்தாலும், போதனை வைத்தியம் ஆகாது. முதலில் சிகிச்சை வேண்டும். அந்தச் சிகிச்சைக்கு அவர் வைத்த பெயர் கிருபை. கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். சுதந்திரத்தை அது அழிப்பதில்லை, மீட்டுத் தருகிறது என்பது அவர் வாதம்.

415-ல் பாலஸ்தீனத்தில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸைக் குற்றமற்றவர் என்றார்கள். ஆப்பிரிக்க ஆயர்கள் விடவில்லை. 418-ல் கார்த்தேஜ் சங்கமும், போப்பும், பேரரசரும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு பெலாஜியஸ் வரலாற்றிலிருந்தே மறைந்துபோனார்.

ஜெயித்தவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. நோய் எல்லோருக்கும் பொது என்றால், பிறந்த குழந்தைக்கும் உண்டா? உண்டு என்றார் அகஸ்டின். அதுவும் நோய் மட்டுமல்ல, ஆதாமின் குற்றமும் பரம்பரையாக வருகிறது. இதுதான் ஜென்மப் பாவம் என்ற கொள்கை. ரோமர் கடிதத்தின் ஒரு வரியை லத்தீன் மொழிபெயர்ப்பு, எல்லோரும் ஆதாமுக்குள் பாவம் செய்ததாகப் புரியும்படி வைத்திருந்தது. கிரேக்க மூலம் அப்படிச் சொல்லவில்லை என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கிரேக்கம் பேசிய கிழக்கத்தியத் திருச்சபைகள் நோயும் சாவும் பரம்பரையாக வருவதை ஏற்கின்றன, குற்றம் வருவதை ஏற்பதில்லை.

ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுக்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மிக லேசானது என்ற இடத்தில் போய் நின்றார் அகஸ்டின். குழந்தையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்கள் பல நூற்றாண்டுகள் இந்தப் பயத்தைச் சுமந்தார்கள். அப்படி இறக்கும் குழந்தைகளும் மீட்கப்படுவார்கள் என நம்பக் காரணம் இருக்கிறது என்று வாடிகனின் இறையியல் ஆணையம் ஓர் ஆவணம் வெளியிட 2007 வரை ஆனது.

வைத்தியம் கட்டாயமானால்?

வட ஆப்பிரிக்காவில் டொனேட்டிஸ்ட்கள் என்ற பிரிந்துபோன கிறிஸ்தவப் பிரிவு பலமாக இருந்தது. பேசித்தான் அவர்களைச் சேர்க்க வேண்டும், அடித்து அல்ல என்பது ஆரம்பத்தில் அகஸ்டினின் நிலைப்பாடு. பிறகு மாறிவிட்டார். அபராதம், சொத்துப் பறிப்பு என்று அரசு போட்ட சட்டங்களை ஆதரித்தார். 408 வாக்கில் எழுதிய நீண்ட கடிதத்தில் அதற்கு அவர் சொன்ன உவமை, பிதற்றும் நோயாளியைக் கட்டிப்போட்டு மருந்து கொடுக்கும் வைத்தியர். மரண தண்டனை வேண்டாம் என்று அதிகாரிகளிடம் தொடர்ந்து கெஞ்சியவரும் இவர்தான். ஆனாலும் சொந்தச் சங்கிலியைப் பற்றி அவ்வளவு நேர்மையாக எழுதியவர், அடுத்தவர் மனசாட்சிக்குச் சங்கிலி மாட்ட அதே மருத்துவ மொழியைப் பயன்படுத்தியது வேதனையான முரண். பின்வந்த நூற்றாண்டுகளில் மத வன்முறையை நியாயப்படுத்தியவர்கள் அந்தக் கடிதத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1981-ல் முதன்முறையாக அச்சான அவருடைய கடிதங்களில் ஒன்று, ஆள் கடத்தலைப் பற்றியது. வியாபாரிகள் கிராமங்களில் சாதாரண மக்களைப் பிடித்து, ஹிப்போ துறைமுகத்தில் கப்பலேற்றி அடிமைகளாக விற்றார்கள். ஹிப்போ திருச்சபை ஆட்கள் போய் ஏறக்குறைய 120 பேரை மீட்டதையும், வியாபாரிகளுக்குச் செல்வாக்குள்ள ஆட்கள் துணை இருப்பதையும் அகஸ்டின் விவரிக்கிறார். கடத்தல்காரர்களைச் சட்டம் தண்டிக்க வேண்டும், ஆனால் உயிர் போகும் அளவுக்கு அடிக்கக் கூடாது என்றும் கவலைப்படுகிறார்.

உடல் நோய் குணமாவது பற்றியும் அவர் கருத்து மாறியது. அற்புதங்களின் காலம் முடிந்துவிட்டது என்று முதலில் எழுதியவர், வயதான பிறகு ஹிப்போவில் நடந்ததாகச் சொல்லப்பட்ட குணமாக்கல்களை எழுத்தில் பதிவு செய்ய வைத்தார். 2 ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட 70 பதிவுகள் சேர்ந்தன. ஆனால் அவருக்கு அவை முன்னோட்டம் மட்டும்தான். முழு குணம் இந்த வாழ்க்கையில் கிடையாது, உயிர்த்தெழும்போதுதான் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

முற்றுகைக்குள் கடைசி நாட்கள்

429-ல் வாண்டல்கள் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தார்கள். 430 கோடையில் ஹிப்போவைச் சுற்றி வளைத்தார்கள். ஊர் முழுக்க அகதிகள். 75 வயது அகஸ்டினும் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

கூடவே இருந்த ஆயர் பொசீதியுஸ் எழுதிய வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. நோயாளி ஒருவரை அழைத்து வந்து, கை வைத்து ஜெபிக்கக் கேட்டார்கள். குணமாக்கும் சக்தி தனக்கு இருந்தால் முதலில் தன்னையே குணமாக்கிக்கொண்டிருக்க மாட்டேனா என்று கேட்டார் அகஸ்டின். வந்தவர் விடவில்லை, கனவில் உத்தரவு வந்ததாகச் சொன்னார். கை வைத்தார். நோயாளி நலமாகப் போனதாக பொசீதியுஸ் எழுதுகிறார்.

மனம் வருந்திப் பாடும் தாவீதின் சில சங்கீதங்களைப் பெரிதாக எழுதச் சொல்லி, படுக்கையிலிருந்தே படிக்கும்படி சுவரில் மாட்டச் செய்தார். கடைசி 10 நாட்கள் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றார், வைத்தியர்கள் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர. அழுதுகொண்டே அவற்றைப் படித்தார். 430 ஆகஸ்ட் 28-ல் இறந்தார். உயில் எழுதவில்லை, எழுதி வைக்கச் சொத்தும் இல்லை. நூலகத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார். பின்னர் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. நூல்கள் பிழைத்தன.

அவற்றில் ஒன்று பாதியில் நிற்கிறது. பெலாஜியஸின் வாதத்தைக் கையிலெடுத்த இளம் இத்தாலிய ஆயர் ஜூலியனுக்கு எழுதிய பதில் அது. இந்த ஜூலியன் வேறு யாரும் இல்லை, அகஸ்டினின் பழைய நண்பர் ஒருவரின் மகன். மனித இயல்பையே நோயாகப் பார்க்கும் அகஸ்டின் இன்னும் மானி மதத்தை விட்டு வெளியே வரவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஜூலியன் எழுதியதில் ஒவ்வொரு பத்தியாக எடுத்துப்போட்டு, கீழே தன் பதிலைச் சொல்லச் சொல்ல எழுத வைத்துக்கொண்டிருந்தார் அகஸ்டின். ஜூலியன் எழுதியது 8 பகுதிகள். அகஸ்டினின் பதில் 6-வதோடு நின்றுவிட்டது.